மயங்கிக் கிடக்கும்போது மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்

மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அந்த அம்மாவுக்கு 68 வயது. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்திருந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. மயக்க மருந்து கொடுக்கப்போகிறவள் நான் என்பதால், முந்தின நாள் சாயங்காலமே வார்டுக்குப் போய்ப் பார்த்தேன். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் மாத்திரை உண்டா, பல் ஏதும் ஆடுகிறதா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, "எதாச்சும் மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?" என்றேன்.

"ஆமா டாக்டரம்மா. கர்ப்பப்பை எடுக்கையில என்னமோ ஒரு ஊசி போட்டாக. உடம்பெல்லாம் தடிச்சுப்போயி, ரெண்டு நாளு கண்ணே தொறக்கலையாம். பொழச்சதே மீனாட்சி புண்ணியம்னு சொன்னாக."

"என்ன ஊசின்னு சொன்னாங்களா?"

பக்கத்தில் நின்ற மகள் பதில் சொன்னாள். "ஊசி அலர்ஜின்னு மட்டுந்தான் சொன்னாங்க மேடம்."

"காகிதம் ஏதாவது?"

"வீட்ல தேடிப் பாக்கணும்."

மதுரையில் மயக்கவியல் மருத்துவராக இருக்கும் எனக்கு இந்தப் பதில் பழகிப்போனது. பழகிப்போனாலும் கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். அந்த அம்மாவின் உயிரை ஒருமுறை விளிம்புவரை கொண்டுபோன மருந்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக் காலையில் நான் அவருக்கு ஏழெட்டு மருந்துகள் கொடுத்தாக வேண்டும்.

மயக்க நிலையில் வரும் கடுமையான ஒவ்வாமை என்றால் என்ன, அது வந்தால் உள்ளே நாங்கள் என்ன செய்கிறோம், வெளியே இருக்கும் நீங்கள் என்ன செய்யலாம் என்பதை மருத்துவம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் ஊரில் "ஒத்துக்காது" என்ற ஒரே சொல்லுக்குள் நிறைய விஷயங்களைப் போட்டு அடைத்துவிடுகிறோம். மாத்திரை போட்டால் வயிறு போகிறது, மயக்கம் தெளிந்ததும் வாந்தி வந்தது, வலி ஊசி போட்டதும் தலை சுற்றியது என்பவை பக்க விளைவுகள். அந்த மருந்தின் குணமே அது. யாருக்கும் வரலாம், பெரும்பாலும் அளவைக் குறைத்தால் குறையும். ஒவ்வாமை வேறு ரகம். உடம்பைக் காக்க இருக்கும் நோய் எதிர்ப்பு அமைப்பு, பொதுவாகத் தீங்கில்லாத ஒரு பொருளை எதிரி என்று முடிவு கட்டிக்கொண்டு பாய்வதுதான் ஒவ்வாமை. அங்கே மருந்தின் அளவு பெரிய விஷயமே இல்லை. சில சொட்டுகள் போதும்.

அந்தப் பாய்ச்சல் தோலோடு நின்றால் அரிப்பு, தடிப்பு. உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டால் அதற்கு அனாஃபிலாக்ஸிஸ் என்று பெயர். பிரெஞ்சு விஞ்ஞானிகள் சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் 1902-இல் வைத்த பெயர் இது. கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தியை வளர்க்கலாம் என்று நினைத்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய ஒரு நாய், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவில் மறுபடி போட்டதும் அரை மணி நேரத்துக்குள் இறந்துபோனது. காப்பாற்றும் என்று நினைத்த எதிர்ப்புச் சக்தியே கொன்றிருந்தது. 'காப்புக்கு எதிரானது' என்ற பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது.

உள்ளே நடப்பது இதுதான். முதல் தடவை ஒரு மருந்து உடம்புக்குள் வரும்போது, சிலருக்கு மட்டும், அந்த மருந்தை அடையாளம் வைத்துக்கொள்ளும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகிவிடுகிறது. இந்தப் புரதத்தை 1966-இல் கண்டறிந்தவர்கள் இஷிஸாகா தம்பதியர், ஜப்பானியர்கள். ஐஜிஇ போய் மாஸ்ட் செல்கள் என்ற செல்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. தோல், மூச்சுக்குழாய், குடல், இரத்தக் குழாய்களைச் சுற்றிய இடம் என்று எங்கும் இருப்பவை இவை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். அதே மருந்து அடுத்த தடவை வந்து ஐஜிஇயைத் தொட்டதும், அத்தனை பொட்டலங்களும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து கொட்டுகின்றன.

கொட்டியதும் இரண்டு காரியம் நடக்கிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து அகலமாகின்றன. கூடவே அவற்றின் சுவர்களில் இடைவெளி விழுந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. நம் பக்கத்துக் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை கரை தொட்டு நின்ற தண்ணீர். ஒரே ராத்திரியில் கண்மாயின் பரப்பு இரண்டு மடங்காகி, கரையும் நாலு இடத்தில் கசிந்தால் மடை வழியாக வயலுக்கு என்ன போகும்? உடம்பில் இதற்கு ஒரு ராத்திரி ஆகாது. பத்தே நிமிடத்தில், குழாய்களுக்குள் இருக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை வெளியேறிவிடக்கூடும். ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே சிந்தியிருக்காது. ஆனால் இதயம், தண்ணீர் இறங்கிப்போன கிணற்றில் ஓடும் மோட்டாரைப் போல வெறுமனே அடித்துக்கொண்டிருக்கும். இதே சமயத்தில் மூச்சுக்குழாய்கள் இறுகுகின்றன. தொண்டையும் நாக்கும் வீங்கலாம்.

விழித்திருக்கும் ஒருவருக்கு இது வந்தால் அவரே சொல்லிவிடுவார். உள்ளங்கை அரிக்குது, நெஞ்சை அடைக்குது, என்னமோ பண்ணுது என்பார். கதண்டு கடித்துத் தடிப்போடும் மூச்சிரைப்போடும் ஓடி வருகிறவர்களை நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாம் பார்த்திருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் படுத்திருப்பவருக்கு அந்த வாய் இல்லை. நாங்கள்தான் அவரை உறங்க வைத்திருக்கிறோம். கழுத்திலிருந்து கால்வரை பச்சைத் துணி போர்த்தியிருக்கும். தோல் தடித்தாலும் துணியைத் தூக்கினால்தான் தெரியும். மூச்சைக்கூட இயந்திரம்தான் விடுகிறது. ஆகவே அந்த உடம்பு எங்களோடு பேசுவதற்கு இருக்கும் ஒரே வழி மானிட்டர் திரை. பிரஷர் இறங்கும், நாடி ஏறும், மூச்சுவிடும் காற்றில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு சரியும், நுரையீரலுக்குள் காற்றைத் தள்ள அதிக அழுத்தம் தேவைப்படும்.

சிக்கல் என்னவென்றால், மயக்க மருந்தே பிரஷரை இறக்கும். முதுகில் போடும் ஊசியும் இறக்கும். இரத்தப்போக்கும் இறக்கும். ஆஸ்துமா உள்ளவருக்குக் குழாய் உரசினாலே மூச்சுக்குழாய் இறுகும். இத்தனைக்கும் நடுவில், இது சாதாரண இறக்கம் இல்லை என்ற சந்தேகம் சட்டென்று மனதில் வர வேண்டும். என் வேலையில் மிகக் கடினமான கணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். மருந்து போடுவது சுலபம். சந்தேகப்படுவதுதான் கஷ்டம்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மருத்துவமனையில், பித்தப்பைக் கல்லுக்காக வந்திருந்த ஐம்பதுகளில் இருந்த ஒருவர். திடமான உடம்பு, வேறு வியாதி எதுவும் கிடையாது. உறங்க வைக்கும் மருந்து, வலி மருந்து, தசையைத் தளர்த்தும் மருந்து எல்லாம் கொடுத்து, மூச்சுக்குழாய் போட்டு, கடைசியாக ஆன்டிபயாடிக் ஊசியும் ஏற்றினோம். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது. பிரஷர் மெஷின் காற்றை ஏற்றி ஏற்றி இறக்கியது, எண்ணே காட்டவில்லை. மெஷின் கோளாறு என்று சிஸ்டர் பட்டையை மாற்றிக் கட்டப் போனார். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு எண் 35-லிருந்து 15-க்கு வந்துவிட்டது. நாடி 140. கையில் இருந்த காற்றுப்பை கல் மாதிரி இறுகியது. துணியைத் தூக்கிப் பார்த்தேன். தோலில் ஒரு தடிப்பு இல்லை.

தடிப்பு இல்லையே, அப்படியென்றால் அலர்ஜி இருக்காது என்று நினைப்பதுதான் இந்த இடத்தில் உயிரைக் குடிக்கும் தவறு. மிகக் கடுமையாக வரும்போது தோலுக்கு இரத்தமே போவதில்லை. இரத்தம் போகாத தோல் எப்படிச் சிவக்கும்? பிரஷர் ஓரளவு ஏறிய பிறகுதான் அவருக்கு மார்பிலும் வயிற்றிலும் தடிப்புகள் கிளம்பின. குணமாகி வருவதன் அடையாளமாக நான் தடிப்பைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்த ஏற்றத்தைக் கொடுத்தது அட்ரினலின்.

இந்த ஒரு பெயரை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். நம் உடம்பில் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பி தானே சுரக்கும் பொருள்தான் இது. நம்மை மாடு முட்ட வந்தால் நெஞ்சு படபடக்க வைப்பதும் இதுவே. அனாஃபிலாக்ஸிஸில் கெட்டுப்போன ஒவ்வொன்றையும் இது நேரெதிராகத் திருப்புகிறது. தளர்ந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கும், கசிவைக் குறைக்கும், இதயத்தை வலுவாக அடிக்க வைக்கும், இறுகிய மூச்சுக்குழாய்களைத் திறக்கும். இன்னொன்றும் செய்யும்: மாஸ்ட் செல்கள் மேலும் பொட்டலம் அவிழ்ப்பதையே தடுக்கும். இத்தனையையும் சேர்த்துச் செய்யும் வேறு ஒரு மருந்து கிடையாது. விலையும் மிகக் குறைவு. சிறிய அரசு மருத்துவமனையின் அவசர டிரேயில்கூட இருக்கும்.

ஒரு மில்லி ஆம்பூலில் 1 மில்லிகிராம் மருந்து இருக்கும். தியேட்டரில், மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைப் பத்து மில்லியாக நீர்த்து, பெரியவர்களுக்கு முதலில் அரை மில்லி, அதாவது 50 மைக்ரோகிராம் மட்டும் நரம்பில் கொடுப்போம். ஒரு நிமிடம் பார்ப்போம். போதவில்லை என்றால் மறுபடி, மறுபடி. பல தடவை தேவைப்பட்டால் பம்ப் வைத்துத் தொடர்ச்சியாக ஓடவிடுவோம். நரம்பில் கொடுப்பது பழகியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை. அளவு கூடிப்போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். தியேட்டருக்கு வெளியே, வார்டிலோ கிளினிக்கிலோ, பெரியவர்களுக்கு அரை மில்லிகிராமைத் தொடையின் வெளிப்புறச் சதையில் ஆழமாகப் போடுவதுதான் முறை. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இன்னொன்று.

அட்ரினலினோடு கூடவே இன்னொன்றும் வேண்டும்: சலைன். கசிந்துபோன அளவைத் திருப்பி ஊற்றாமல் எவ்வளவுதான் மோட்டாரை விரட்டினாலும் தண்ணீர் ஏறாது. சொட்டுச் சொட்டாக ஏற்றும் டிரிப் இதற்குப் பத்தாது. பாட்டிலைக் கையால் பிதுக்கி, பெரிய ஊசிகள் வழியாக, அரை லிட்டர் அரை லிட்டராக உள்ளே தள்ள வேண்டும். அன்றைக்கு அவருக்கு முதல் அரை மணி நேரத்திலேயே மூன்று லிட்டர் போனது. கால்களைத் தூக்கி வைத்தோம். முழு ஆக்சிஜன். சந்தேகத்துக்குரிய எல்லா மருந்தையும் நிறுத்தினோம். பக்கத்துத் தியேட்டரில் இருந்தவர்களையும் கூப்பிட்டுவிட்டேன், ஏனென்றால் இது ஒரு ஆள் சமாளிக்கிற காரியம் இல்லை. ஒருவர் மருந்தைக் கலக்க வேண்டும், ஒருவர் பாட்டிலைப் பிதுக்க வேண்டும், ஒருவர் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிரஷரின் மேல் எண் 50-க்குக் கீழே போய்விட்டால், இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தாலும், நெஞ்சை அழுத்தத் தொடங்கிவிட வேண்டும் என்பது பிரிட்டன் மயக்கவியல் மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட பெரிய தணிக்கையின் பரிந்துரை. அவ்வளவு குறைந்த பிரஷரில் அந்தத் துடிப்பால் மூளைக்கு எதுவும் போய்ச் சேருவதில்லை.

ஒரு விஷயத்தை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. அலர்ஜி என்றதும் அவில் ஊசியையும் ஸ்டீராய்டு ஊசியையும் தேடி ஓடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. இரண்டும் கெட்ட மருந்துகள் இல்லை. அவில் அரிப்புக்கு நல்லது. ஆனால் ஏற்கெனவே கொட்டிவிட்ட வேதிப்பொருள்களால் பாதாளத்துக்குப் போன பிரஷரை அது தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அந்த இரண்டு ஆம்பூலை உடைத்துக்கொண்டிருக்கும் நேரம் அட்ரினலின் போகாத நேரம். மூச்சுத் திணறலோடும் பிரஷர் இறக்கத்தோடும் ஒருவர் இருக்கும்போது முதலில் உடைய வேண்டிய ஆம்பூல் எது என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது.

அவர் பிழைத்தார். அன்றைக்கு அறுவை சிகிச்சை நடக்கவில்லை. ஒரு நாள் முழுக்க ஐ.சி.யூ.வில் வைத்திருந்தோம், ஏனென்றால் அடங்கியதுபோல இருந்துவிட்டுச் சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வருவது சிலருக்கு உண்டு. வெளியே காத்திருந்த அவர் மனைவியிடம் பேசப் போனபோது, "கல்லை எடுத்துட்டீகளா?" என்றுதான் முதலில் கேட்டார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

எந்த மருந்து செய்தது? ஐந்து நிமிடத்துக்குள் நான்கைந்து மருந்து போயிருக்கிறதே. ஊகிக்கலாம், ஆனால் ஊகம் தவறினால் அடுத்த முறை அதே மருந்தை நாங்களே நம்பிக்கையோடு கொடுத்துவிடுவோம். இதற்காகத்தான் இரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற பொருளைப் பார்க்கிறோம். மாஸ்ட் செல்கள் அவிழ்ந்தால் ஏறும் பொருள் அது. ஆபத்து கொஞ்சம் அடங்கியதும் ஒரு மாதிரி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் இன்னொன்று, ஒரு நாள் கழித்து எல்லாம் பழைய நிலைக்கு வந்த பின் மூன்றாவது. மூன்றையும் ஒப்பிட்டால் நடந்தது ஒவ்வாமைதானா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். எந்த மருந்து என்பதைக் கண்டுபிடிக்கத் தோல் பரிசோதனை வேண்டும். அதை உடனே செய்ய முடியாது. பொட்டலங்களை எல்லாம் கொட்டித் தீர்த்த செல்கள் மறுபடி நிறைய 4 முதல் 6 வாரம் பிடிக்கும். எங்கள் நோயாளிக்கு அப்படிச் செய்ததில் ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று தெரிந்தது. அதை விலக்கி, மற்ற மருந்துகளையே மறுபடி கொடுத்து, இரண்டு மாதம் கழித்துப் பித்தப்பையை எடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை.

ஆன்டிபயாடிக் காரணமாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை. நான் மேலே சொன்ன பிரிட்டன் தணிக்கை, ஒரு வருடத்தில் அந்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மயக்க மருந்து பெற்ற ஏறக்குறைய 30 லட்சம் பேரில் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களைத் தேடிக் கணக்கெடுத்தது. 266 பேரின் விவரங்களை முழுதாக ஆராய்ந்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற விகிதம். காரணம் தெரிந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக், மூன்றில் ஒருவருக்குத் தசை தளர்த்தும் மருந்து, பத்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவாகக் குளோர்ஹெக்சிடின். 266 பேரில் 10 பேர் இறந்தார்கள். மயக்க மருந்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் இந்த எண்களை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். வருவது அபூர்வம். வந்தாலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். உறங்க வைக்கும் மருந்து அந்தப் பட்டியலின் மேல் வரிசையில் இல்லவே இல்லை.

குளோர்ஹெக்சிடின் என்ற பெயர் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம், பொருள் புதிது இல்லை. நம் வீட்டில் காயம் கழுவும் சாவ்லானில் இருக்கிறது, ஈறு வீக்கத்துக்குப் பல் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தில் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன் தோலைத் துடைக்கும் திரவத்திலும், சிறுநீர்க் குழாய் போடும்போது தடவும் சில ஜெல்லிலும் உண்டு. மருந்து என்றே யாரும் நினைக்காத பொருள் என்பதால் சந்தேகப் பட்டியலிலிருந்து எளிதில் தப்பிவிடும். சாவ்லான் பட்டால் உங்களுக்குத் தடிக்கிறது என்றால், அது சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் சொல்லுங்கள். ரப்பர் கையுறையும் அப்படித்தான். பலூன் ஊதினால் உதடு வீங்குகிறவர்கள், வாழைப்பழம் தின்றால் வாய் அரிக்கிறவர்கள் சிலருக்கு ரப்பர் ஒவ்வாமை இருக்கும். பிறவியிலேயே முதுகுத் தண்டில் குறையோடு பிறந்து பலமுறை அறுவை சிகிச்சை ஆன குழந்தைகளுக்கு இன்னும் அதிகம்.

தசை தளர்த்தும் மருந்தில் ஒரு விசித்திரம் உண்டு. வாழ்நாளில் அதை ஒருமுறைகூடப் பெறாதவருக்கு முதல் தடவையிலேயே அனாஃபிலாக்ஸிஸ் வரலாம். அதன் வேதி அமைப்பில் இருக்கும் ஒரு பகுதி, சில அழகுசாதனங்களிலும் சில இருமல் மருந்துகளிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறது. அங்கே பழகிய பகை இங்கே வெளிப்படுகிறது. ஃபோல்கோடின் என்ற இருமல் மருந்தை இதே காரணத்துக்காக 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திலும், 2023-இல் பிரிட்டனிலும் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வார்டில் நோயாளிகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சில கேள்விகளும் இருக்கின்றன. "நண்டு, இறால் ஆகாது டாக்டர், அயோடின் மருந்து போடலாமா?" போடலாம். நண்டு ஒவ்வாமை அதன் சதையில் உள்ள புரதத்தால் வருவது, அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. முட்டை ஆகாதவர்களுக்கும் உறங்க வைக்கும் வெள்ளை மருந்தான ப்ரொபஃபாலைப் பெரும்பாலும் பயமின்றிக் கொடுக்கிறோம். கத்திரிக்காய், கருவாடு தின்றால் கரப்பான் வருகிறது என்பார்கள். எழுதிக்கொள்வேன், ஆனால் மயக்க மருந்தை அது மாற்றாது. "பல் பிடுங்க ஊசி போட்டதும் மயங்கி விழுந்தேன்" என்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது பயத்தால் வந்த மயக்கம், அல்லது மரத்துப்போகும் ஊசியில் கலந்த அட்ரினலினால் வந்த படபடப்பு. மரத்துப்போகும் மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது.

அப்புறம், "டெஸ்ட் டோஸ் போட்டுட்டாங்க, இனிமே பயமில்லைல்ல?" கையில் சின்னக் கொப்புளமாக ஏற்றி அரை மணி நேரம் பார்க்கும் அந்தச் சோதனையை நம் ஊரில் ஒரு சடங்குபோலச் செய்கிறோம். அதில் ஒன்றும் வரவில்லை என்பது முழு உத்தரவாதம் கிடையாது. கடும் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தச் சிறு அளவே போதும் ஆபத்தைக் கிளப்ப. என் அனுபவத்தில், டெஸ்ட் டோஸைவிட நோயாளியிடம் பொறுமையாகக் கேட்கும் ஐந்து நிமிடம் அதிகம் சொல்லும். நோயாளி விழித்திருக்கும்போதே ஆன்டிபயாடிக்கை மெதுவாகக் கொடுத்துவிட்டு, சில நிமிடம் பக்கத்தில் நின்று பார்த்த பிறகே உறங்க வைப்பதை நான் இப்போது வழக்கமாக வைத்திருக்கிறேன். வந்தால் அவரே சொல்வார். எந்த மருந்து என்ற குழப்பமும் இருக்காது.

மேலூர் அம்மாவுக்கு வருகிறேன். மகள் இரவோடு இரவாகப் பஸ் ஏறிப் போய், தகரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, மஞ்சப்பையில் ஒரு கற்றை காகிதம் கொண்டுவந்தாள். ரேஷன் கார்டு நகல், நகை அடகுச் சீட்டு, அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் 'மருந்து ஒவ்வாமை, ஐ.சி.யூ. சிகிச்சை' என்று ஒரே வரி. மருந்தின் பெயர் இல்லை. அன்றைக்கு அவர் உயிரைக் காத்தவர்கள் திறமைசாலிகள்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பேனாவை இன்னும் இரண்டு சொல்லுக்கு ஓட்டியிருந்தால்?

பெயர் தெரியாததால் ஒரு பெரிய வட்டத்தையே ஒதுக்க வேண்டியதாயிற்று. அடிக்கடி காரணமாகும் ஆன்டிபயாடிக் குடும்பங்களைத் தொடவில்லை, வேறு குடும்பத்தைச் சேர்ந்த கிளிண்டாமைசினை அவர் விழித்திருக்கும்போதே மெதுவாக ஏற்றினோம். தசை தளர்த்தும் மருந்தே தேவைப்படாதபடி முதுகில் ஊசி போட்டோம். தோலைத் துடைக்கக் குளோர்ஹெக்சிடினை விட்டுவிட்டு அயோடின். ரப்பர் இல்லாத கையுறை. அட்ரினலினை முன்கூட்டியே நீர்த்துச் சிரிஞ்சில் எடுத்து, பெயர் எழுதி, கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். இரண்டு மணி நேரமும் அவர் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழகர் ஆற்றில் இறங்கும்போது கூட்டத்தில் மகளைத் தொலைத்துவிட்டு மறுநாள் கண்டுபிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகையில் ஒரு தாளில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். பழைய ஆபத்தின் விவரம், காரணம் தெரியவில்லை என்பது, தோல் பரிசோதனைக்குப் போக வேண்டிய அவசியம். அதற்குக் கீழே, இந்த முறை கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயரும். 'இவை ஒத்துக்கொண்டன' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஒத்துக்கொள்ளாத மருந்தைப் போலவே ஒத்துக்கொண்ட மருந்தின் பெயரும் அடுத்து வரும் மருத்துவருக்குப் பெரிய துணை. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால், மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் கேட்டு வாங்க வேண்டிய தாள் இதுதான்: சந்தேகப்படும் மருந்துகளின் பெயர், நேரம், என்ன நடந்தது, என்ன கொடுத்துக் காப்பாற்றினார்கள். கேட்பது உங்கள் உரிமை. அதைச் செல்போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள், பர்ஸில் ஒரு நகல் வையுங்கள். நாட்டின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பொதுமக்களே மருந்து விளைவுகளைத் தெரிவிக்கலாம்.

தாளை வாங்கி மடித்துக்கொண்டே மகள் கேட்டாள். "மேடம், அம்மாவுக்கு இருந்தா எனக்கும் இருக்குமா? எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு."

மருந்து ஒவ்வாமை அப்படித் தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்குவதில்லை, உன் பிள்ளைகளுக்காக எந்த மருந்தையும் ஒதுக்க வேண்டியதில்லை என்றேன். குடும்பத்தில் இறங்கி வருவது வேறொன்று. ஸ்கோலின் என்ற தசை தளர்த்தும் மருந்தை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவாக இருக்கும். சில நிமிடத்தில் தெளிய வேண்டியவர்கள் மணிக்கணக்கில் மூச்சுவிட முடியாமல் இயந்திரத்தோடு கிடப்பார்கள். ஆரிய வைசிய சமூகத்தில் இது கூடுதலாகக் காணப்படுவது நன்கு பதிவாகியிருக்கிறது. அது ஒவ்வாமை இல்லை, ஆனாலும் மயக்க மருந்து மருத்துவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். "உங்க சொந்தத்துல யாராவது ஆபரேஷனுக்கு அப்புறம் ரொம்ப நேரம் மூச்சு வராமக் கெடந்தாங்களா?" என்று கேட்டேன்.

யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றாள். அந்த அம்மா தாளை மகள் கையிலிருந்து வாங்கி, இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, சுருக்குப்பையில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தார்.